வைல்ட்கேட் தோட்டா: தமிழில் எப்படிச் சொல்வது?

ஆலைகள் சந்தைக்குத் தயாரிக்காத, தர நிர்ணய அமைப்புகள் அளவு குறித்து வெளியிடாத, துப்பாக்கிப் பட்டறைக்காரரோ ஆர்வலரோ தம் தேவைக்கு உருவாக்கிக்கொண்ட ரைஃபிள் தோட்டாவை அமெரிக்காவில் ‘வைல்ட்கேட்’ என்பார்கள். அகராதியை வைத்துப் பெயர்த்தால் ‘காட்டுப்பூனைத் தோட்டா’ என்று வரும். பூனைக்கு இங்கே வேலையில்லை.

1837-ல் மிச்சிகன் மாநிலம் வங்கி தொடங்குவதை எளிதாக்கியது. கையிருப்பில் போதிய பொன்னும் வெள்ளியும் இல்லாமலே நோட்டு அச்சடித்த வங்கிகள் முளைத்தன. அவற்றுக்கு ‘வைல்ட்கேட் வங்கி’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் இருக்கிறதா என்று தெரியாத நிலத்தில் தோண்டிய கிணறும், சங்கத்தின் ஒப்புதலின்றித் தொடங்கிய வேலைநிறுத்தமும் பிறகு இதே பெயரைப் பெற்றன. துணிச்சல், முறையான ஒப்புதல் இல்லாமை என்ற இந்தப் பொருள்தான் தோட்டாவுக்கும் வந்தது.

‘கார்ட்ரிட்ஜ்’ காகிதத்தைக் குறிக்கும் சொல்லில் பிறந்தது. வெடிமருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டிய காலத்துப் பெயர் அது. நம் ‘தோட்டா’ உருது வழி வந்தது. ஆனால் அதைக் கண்டபடி பயன்படுத்துகிறோம். ‘நெஞ்சில் தோட்டா பாய்ந்தது’ என்று எழுதுகிறோமே, பாய்வது குண்டு மட்டும்தான். பித்தளை உறை துப்பாக்கிப் பக்கமே நின்றுவிடும். ஈழத்துத் தமிழில் குண்டுக்குச் ‘சன்னம்’, வெற்று உறைக்குக் ‘கோது’ என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. கோது அருமையான சொல். இங்கே அதையே எடுத்துக்கொள்கிறேன்.

வைல்ட்கேட் வேலையில் பெரும்பகுதி இந்தக் கோதில்தான். கிடைக்கிற கோதின் கழுத்தை, அதாவது குண்டைப் பிடித்திருக்கும் வாய்ப்பகுதியைச் சுருக்கலாம், விரிக்கலாம், கழுத்துக்குக் கீழே அகலும் தோளின் சரிவை மாற்றலாம். ரைஃபிளில் தோட்டா அமரும் அறையையும் அதற்கேற்பக் குடைய வேண்டும். பி. ஓ. ஆக்லி என்ற பட்டறைக்காரர் கோதின் பக்கங்களை நிமிர்த்தி, தோளை 40 பாகைக்குச் செங்குத்தாக்கினார். மருந்துக்கு இடம் கூடியது. அவர் முறையில் குடைந்த அறையில் சாதாரணத் தாய்த் தோட்டாவை (உருமாற்றத்துக்கு அடிப்படையான தோட்டாவை) போட்டுச் சுட்டால், அழுத்தத்தில் பித்தளை விரிந்து, கோது புதிய வடிவில் வெளியே வரும். அறையே அச்சாகிவிடுகிறது.

சோதனைதான் சிக்கலான கட்டம். ஆலைத் தோட்டா என்றால் அழுத்த வரம்பை அமெரிக்காவில் 1926-ல் தோன்றிய சாமி (SAAMI) போன்ற தர நிர்ணய அமைப்பு வெளியிட்டிருக்கும். இதற்கு அப்படி எதுவும் கிடையாது. வேகமானியில் வேகம் தெரியும், அழுத்தம் தெரியாது. கோதின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாவதையும், அறையை அடைக்கும் போல்ட் திறக்க முரண்டுபிடிப்பதையும் பார்த்து ஊகிப்பவர்கள் உண்டு. ஆனால் அவை தெரியும்போது பெரும்பாலும் வரம்பைத் தாண்டியிருக்கும். அழுத்தத்தை நேரடியாக அளக்கும் உணரி இல்லாத சோதனையை நான் முழுச் சோதனையாகக் கொள்ள மாட்டேன்.

பெயர்கள் தனிக் கூத்து. .25-06-ல் 25 குண்டின் விட்டம் (அங்குலத்தின் நூற்றில் ஏறத்தாழ 25), 06 தாய்த் தோட்டாவான .30-06 பிறந்த 1906-ஆம் ஆண்டு. .22-250-ல் 250 என்பது தாய்த் தோட்டாவான .250-3000 சாவேஜ், அந்த 3000-மோ வினாடிக்கு 3000 அடி என்ற விளம்பர வேகம்! இதற்கு மேல் இன்னொரு குழப்பம்: உருமாற்றிய கோதின் அடியில் தாயின் முத்திரை அப்படியே இருக்கும். 30-06 என்று பொறித்த கோதின் வாயில் 25 குண்டு உட்கார்ந்திருக்கும். பெட்டியில் எழுதி வைக்காவிட்டால் ஆபத்து.

அப்படியானால் ‘உருமாற்றுத் தோட்டா’ என்று சொல்லிவிடலாமா? முடியாது. 1907-ல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் .450 ரைஃபிள்களைத் தடை செய்தபோது, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் .500 கோதின் கழுத்தைச் சுருக்கி .500/465 தோட்டாவைக் கொண்டுவந்தது. அது உருமாற்றம்தான், ஆனால் நிறுவனமே விற்றதால் வைல்ட்கேட் இல்லை. மறுபுறம், பிரௌனிங் நிறுவனம் 1963-லேயே .22-250-க்கு ரைஃபிள் விற்றது. கடையில் அதற்கான ஆலைத் தோட்டா இல்லை. 1965-ல் ரெமிங்டன் அதைத் தயாரிக்கத் தொடங்கியதும் அது வைல்ட்கேட் பட்டியலிலிருந்து வெளியேறியது. நீட்னர் என்ற பட்டறைக்காரர் 1920-ல் உருவாக்கிய .25-06-க்கு 1969 வரை காத்திருப்பு. தகுதிதான் மாறியது, தோட்டா பழைய தோட்டாதான்.

ஆகவே தமிழ்ச் சொல் வடிவத்தைச் சொல்லாமல் பிறந்த இடத்தைச் சொல்ல வேண்டும். ‘நாட்டுத் தோட்டா’ சரிவராது. நாட்டுத் துப்பாக்கியின் வாடை வந்துவிடும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இங்கே உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதே குற்றம் என்பதால், அந்தக் குழப்பம் வேண்டாம். என் தேர்வு ‘பட்டறைத் தோட்டா’. எதிர்ச்சொல்லாக ‘ஆலைத் தோட்டா’ தானே அமைகிறது. ‘.22-250 பல ஆண்டுகள் பட்டறைத் தோட்டாவாக இருந்து 1965-ல் ஆலைத் தோட்டாவானது’ என்று எழுதினால் விளக்கக் குறிப்பே தேவைப்படாது. வங்கிக்கும் கிணற்றுக்கும் இந்தச் சொல் ஒத்துவராது. அங்கங்கே வேறு சொல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.