பேர் என்ன, எந்த ஸ்கூல்?

கல்யாண வீடு, ரயில், மருந்துக்கடை வாசல், எங்கே போனாலும் நம் குழந்தைகளிடம் பெரியவர்கள் கேட்பது ஒரே வரிசையில்தான் இருக்கும். பேர் என்ன? எத்தனாவது படிக்கிறே? எந்த ஸ்கூல்? வீடு எங்கே? குழந்தை வாய் திறக்காவிட்டால், "மாமா கேக்கிறாங்கல்ல, சொல்லு" என்று நாமே முதுகில் தட்டுவோம்.

குழந்தைகள் ஆலோசகரான என்னிடம் வந்த மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், மொபைல் கேமில் கூட விளையாடிய 'அண்ணா'வுக்கு இந்த நான்குக்கும் சமர்த்தாகப் பதில் சொல்லியிருந்தான். அடுத்து அம்மா நம்பர். தொலைந்துபோனால் உதவும் என்று வீட்டில் மனப்பாடம் செய்ய வைத்த எண்தான் அது. அவன் விளையாடியது அம்மாவின் போனில். வாட்ஸ்அப் கணக்கைத் திறக்கத் திரையின் மேலே வந்து விழுந்த 6 இலக்க எண்ணையும் படித்துச் சொன்னான். அம்மாவின் வாட்ஸ்அப் கைமாறிவிட்டது.

"பர்சனல் விஷயத்தை யார்கிட்டயும் சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்று அம்மாவுக்கு ஆற்றாமை. பர்சனல்னா என்ன என்று பையனிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "பாத்ரூம் போறது" என்றான்.

சிறு பிள்ளைகளுக்குப் பொதுவாகச் சொல்லும் அறிவுரை இப்படித்தான் போய்ச் சேர்கிறது. அதனால் நான் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கொடுப்பேன்: பிடித்த கலர், பிடித்த டிபன், பிறந்தநாள், ஸ்கூல் பேர், வேன் வரும் நேரம், போனில் வந்த நம்பர். எல்லாருக்கும் சொல்லலாம் என்று ஒரு டப்பா, வீட்டோடு இருக்கட்டும் என்று இன்னொன்று. வேன் நேரத்தை முதல் டப்பாவில் போட்டான். ஸ்கூல் பேர் சீட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். "நான் எங்க நிப்பேன்னு தெரிஞ்சிடும்" என்று அவனே எடுத்து மாற்றினான்.

அப்புறம், சொல்லாமல் இருப்பது எப்படி என்பதையும் பழக்க வேண்டும். பெரியவர் கேட்டால் மறுக்கக் கூடாது என்று வளர்த்துவிட்டோம் அல்லவா! "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். மரியாதையும் கெடாது, விஷயமும் வீட்டுக்கு வந்துவிடும். "யார்கிட்டயும் சொல்லாதே" என்பதை நான் தவிர்க்கிறேன். ஏமாற்ற வருபவனும் அதையேதான் சொல்வான்.

2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சரி, பிள்ளையின் பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டு ஆப்பைத் திறந்து கொடுப்பது யார்? யூனிஃபார்ம், பேட்ஜோடு ஸ்டேட்டஸ் வைப்பதும் நாம்தான்.

ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தால் திட்டாதீர்கள். அடுத்த முறை மறைப்பான். சாட் மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, குழந்தையை யாராவது மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098. வாட்ஸ்அப் போயிருந்தால் அதே எண்ணில் மறுபடி பதிவு செய்யுங்கள். அந்த அம்மாவுக்குக் கணக்கு திரும்பக் கிடைக்க 7 நாள் ஆயிற்று. கணக்கை எடுத்தவன் இரட்டைச் சரிபார்ப்புக்கான (two-step verification) பின் (PIN) நம்பர் போட்டுப் பூட்டியிருந்தான். நீங்கள் இன்றைக்கே முந்திக்கொண்டு அந்த பின் நம்பரைப் போட்டுவிடலாம், வாட்ஸ்அப் செட்டிங்ஸில் இரண்டு நிமிஷ வேலை.