சொந்தப் பணத்தை எடுத்தாலும் வரியா? 194-என் பிரிவு என்ன சொல்கிறது

வங்கியில் இருந்து ரொக்கம் எடுத்தால் அரசு வரி பிடிக்கிறது என்ற பேச்சு ஆண்டுக்கு ஒரு முறையாவது கிளம்பிவிடுகிறது. உடனே இரண்டு அணிகள் உருவாகின்றன. "இது சோஷலிசக் கொள்ளை" என்பது ஓர் அணி. "பணக்காரர்கள் கட்டட்டுமே, உனக்கு என்ன?" என்பது மற்றொன்று. இரண்டு அணியிலும் பெரும்பாலானோர் அந்தச் சட்டப் பிரிவைப் படித்ததில்லை. அதை முதலில் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வரலாம்.

வருமான வரிச் சட்டம், 1961-இல் 194-என் என்ற பிரிவு 2019-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2026 மார்ச் 31 வரை எடுத்த ரொக்கத்துக்கு அந்தச் சட்டம்தான்; இங்கே சொல்வது அதன் விதிகளை. ஒரு நிதியாண்டில், ஒரு வங்கியில் உள்ள உங்கள் எல்லாக் கணக்குகளிலிருந்தும் சேர்த்து 1 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கமாக எடுத்தால், 1 கோடியைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் 2 சதவீதம் டிடிஎஸ், அதாவது மூலத்திலேயே வரிப் பிடித்தம். கூட்டுறவு வங்கிக்கும் அஞ்சலகத்துக்கும் இதே விதிதான். கூட்டுறவுச் சங்கங்களுக்கு இந்த வரம்பு 2023 ஏப்ரல் 1 முதல் 3 கோடியாக உயர்த்தப்பட்டது. உறுப்பினர்களுக்கு ரொக்கமாகப் பணம் கொடுத்தே பழகிய சங்கங்களுக்கு 1 கோடி என்பது சில மாதங்களிலேயே முடிந்துவிடும் தொகை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் வியாபாரி ஒருவர், ஒரே வங்கியில் ஓராண்டில் 1 கோடியே 30 லட்சம் ரொக்கம் எடுக்கிறார். வரம்பைத் தாண்டியது 30 லட்சம். அதில் 2 சதவீதம் 60,000 ரூபாய். அதே தொகையை அவர் இரண்டு வங்கிகளில் 65 லட்சம் வீதம் எடுத்திருந்தால் பிடித்தம் எதுவும் இல்லை, ஏனென்றால் வரம்பு வங்கிவாரியானது. இப்படி ஓர் ஓட்டையை வைத்துக்கொண்டு எந்தக் கறுப்புப் பணத்தைப் பிடிப்பார்கள் என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

எடுப்பது என்றால் ரொக்கம் மட்டும். காசோலை மூலம் இன்னொருவர் கணக்குக்குப் போன பணம், நெஃப்ட், ஆர்டிஜிஎஸ், யுபிஐ, வரைவோலை எதுவும் இந்தக் கணக்கில் சேராது. ஏடிஎம்மில் எடுத்தது சேரும். சேமிப்புக் கணக்கா நடப்புக் கணக்கா என்ற பேதமும் இல்லை.

இதுவரை சொன்னது சாதாரணக் குடும்பத்தைத் தொடாத விஷயம். 2020 ஜூலை 1 முதல் வந்த திருத்தம்தான் தொடுகிறது. தாக்கலுக்கான கெடு முடிந்துவிட்ட முந்தைய மூன்று ஆண்டுகளிலுமே வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யாதவராக இருந்தால், 1961 சட்டப்படி வரம்பு 1 கோடியிலிருந்து 20 லட்சத்துக்கு இறங்கிவிடும். 20 லட்சத்துக்கு மேல் 1 கோடி வரை 2 சதவீதம். 1 கோடிக்கு மேல் 5 சதவீதம். மேலே சொன்ன அதே 1 கோடியே 30 லட்சத்தை இப்படிப்பட்டவர் எடுத்தால், 80 லட்சத்துக்கு 1,60,000, மீதி 30 லட்சத்துக்கு 1,50,000, ஆக 3,10,000 ரூபாய் பிடித்தம். மூன்றில் ஓர் ஆண்டாவது தாக்கல் செய்திருந்தால் இந்தக் கெடுபிடி கிடையாது.

கணக்குத் தாக்கல் செய்யாதவர் என்றவுடன் வரி ஏய்ப்பவர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நம் நாட்டில் தாக்கல் செய்யாதவர்களில் மிகப் பெரும்பாலோர், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாததால் தாக்கல் செய்யாதவர்கள். ஒரு விவசாயியை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. அவர் எந்த ஆண்டும் கணக்கு தாக்கல் செய்ததில்லை. செய்ய வேண்டிய கட்டாயமும் இருந்ததில்லை. நகர எல்லைக்கு வெகுதூரத்தில் உள்ள கிராமத்து விளைநிலத்தை விற்கிறார். அந்த விற்பனைக்கும் மூலதன ஆதாய வரி கிடையாது. பணம் முறையாக வங்கிக் கணக்குக்கு வருகிறது. மகள் கல்யாணம், பழைய கடன், வீடு கட்டும் கூலி என்று ஓராண்டில் 60 லட்சம் ரொக்கமாக எடுக்கிறார். 20 லட்சம் போக 40 லட்சத்துக்கு 2 சதவீதம்: 80,000 ரூபாய் அவர் கணக்கிலிருந்து போகிறது. ஒரு பைசா வரி கட்ட வேண்டியிராத மனிதர் அவர்.

அந்த 80,000 திரும்பி வரும். இந்தப் பிடித்தம் தனி வரி ஆகாது. அந்த ஆண்டின் வருமான வரிக்கு முன்கூட்டியே பிடித்த தொகைதான் இது. கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். வரியே இல்லை என்றால் முழுவதும் ரீஃபண்டாக வரும். அதற்கு ஒரே வழி, கணக்கு தாக்கல் செய்வது. வருமான வரித் தளத்தில், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால், வங்கியின் பெயர், வரி பிடிப்பவர் என்ற முறையில் அதற்குள்ள டான் எண், பிரிவு என்ற இடத்தில் 194என், பக்கத்திலேயே தொகை, பிடித்த வரி என்று ஒரு வரி தெரியும். அந்தத் தொகையைப் பார்த்துப் பலர் பதறிவிடுகிறார்கள்: "ஐயோ, இதையெல்லாம் என் வருமானமாகக் காட்டியிருக்கிறார்களே!" பதற வேண்டியதில்லை. டிடிஎஸ்ஸாகப் பிடித்த தொகையைப் பொதுவாக வருமானமாகக் கருத வேண்டும் என்று சொல்லும் 198-ஆம் பிரிவே, 194-என் பிடித்தத்துக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. எடுத்த பணமும் வருமானம் இல்லை, பிடித்த பணமும் வருமானம் இல்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. எந்த ஆண்டில் பிடித்தார்களோ அந்த ஆண்டுக்கான தாக்கலிலேயே இதைக் கேட்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல விதியில் இடமில்லை. ஒரு நிதியாண்டில் உங்கள் பெயரில் டிடிஎஸ், டிசிஎஸ் (விற்பவர் உங்களிடம் வசூலித்துக் கட்டும் வரி) சேர்த்து 25,000 ரூபாயையோ, மூத்த குடிமக்கள் என்றால் 50,000 ரூபாயையோ தொட்டுவிட்டால், வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் தாக்கல் கட்டாயம் என்ற விதி 2022-இல் வந்துவிட்டது. ஆக, நம் விவசாயி முதல் முறையாக வருமான வரித் துறையின் பதிவேட்டுக்குள் வந்துவிடுகிறார். இந்தச் சட்டத்தின் உண்மையான வேலை அதுதான் என்பது என் கருத்து. பணம் திரட்டுவதைவிட ஆளை அடையாளம் காண்பதற்காகவே இது போடப்பட்டிருக்கிறது.

விலக்குகளும் உண்டு. அரசு, வங்கிகள், அஞ்சலகம், வங்கி முகவர்கள், வெள்ளை லேபிள் ஏடிஎம் (வங்கியல்லாத நிறுவனங்களின் ஏடிஎம்) நடத்துபவர்கள் ஆகியோருக்குப் பிடித்தம் இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடச் சட்டப்படி பதிவு பெற்ற கமிஷன் மண்டிக்காரர்களும் வியாபாரிகளும் விவசாயிகளிடம் விளைபொருள் வாங்க எடுக்கும் ரொக்கத்துக்கு 2019-லேயே விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் அது தானாக நடந்துவிடாது. பான் எண்ணோடு, இது விவசாயிகளுக்குக் கொடுக்கத்தான் என்று வங்கியிடம் எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும்.

இந்தப் பிரிவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் வேறு சில உண்டு. இலவச எண்ணிக்கையைத் தாண்டி ஏடிஎம்மில் பணம் எடுத்தால் பிடிப்பது வங்கிக் கட்டணம். 2025 மே 1 முதல் ஒரு முறைக்கு அதிகபட்சம் 23 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி வரையறுத்திருக்கிறது. அரசுக்குப் போவது அந்தக் கட்டணத்தின் மீதான ஜிஎஸ்டி மட்டும். ஓராண்டில் 20 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கம் போட்டாலோ எடுத்தாலோ பான் அல்லது ஆதார் எண் கொடுக்க வேண்டும் என்பது 2022 மே 26-இல் அமலான தனி விதி. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 269-எஸ்டி பிரிவு. மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். வங்கியிலிருந்து எடுக்க அனுமதித்த பணத்தைச் செலவழிக்கும் இடத்தில் மடக்கும் பிரிவு இது. வியாபாரிகளை 194-என்னைவிட அதிகமாக வாட்டுவதும் இதுதான்.

இனி அணிச் சண்டைக்கு வருவோம். ரொக்கம் எடுப்பதற்கு வரி என்பது இந்தியாவில் 2019-இல் பிறந்த யோசனை கிடையாது. 2005 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் 0.1 சதவீதம் வரி என்று அறிவித்தார். கூச்சல் எழுந்தது. கடைசியில் சேமிப்புக் கணக்குகளை விட்டுவிட்டு, தனிநபர்களுக்கு 25,000, மற்றவர்களுக்கு 1 லட்சம் என்று வரம்பை உயர்த்தி, 2005 ஜூன் 1 முதல் வங்கி ரொக்கப் பரிவர்த்தனை வரி அமலானது. இது திரும்பி வராத வரி. தகவல் திரட்ட வேறு வழிகள் வந்துவிட்டன என்று சொல்லி 2009 ஏப்ரல் 1 முதல் அவரே அதைக் கைவிட்டார். பத்தாண்டு கழித்து இன்னொரு வடிவில் அதைக் கொண்டுவந்தவர் நிர்மலா சீதாராமன். கட்சி வேறு, கொள்கைப் பேச்சு வேறு, கருவி ஏறக்குறைய ஒன்று. இருவரும் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள் என்பதை நாம் தனியாக ரசிக்கலாம்.

இந்தக் கருவிக்குக் கட்சியோ கொள்கையோ இல்லை என்பதையே வெளிநாடுகளும் சொல்கின்றன. கொலம்பியாவில் 1998-இல் நிதி நெருக்கடியின்போது வங்கிகளைக் காப்பாற்றவென்று, வங்கிக் கணக்கிலிருந்து வெளியேறும் பணத்துக்கு ஆயிரத்துக்கு 2 என்ற வரி தற்காலிகமாகப் போடப்பட்டது. இன்று அது ஆயிரத்துக்கு 4 ஆகி நிலைத்துவிட்டது. தனியார் வங்கியின் நட்டத்தைக் கணக்கு வைத்திருப்பவர்கள் தலையில் கட்டிய அந்த வரியைச் சோஷலிசம் என்று அழைத்தால் மார்க்ஸ் சிரிப்பார். பிரேசிலில் 1997-இல் பொதுச் சுகாதாரச் செலவுக்காக இத்தகைய வரி வந்தது, பிறகு 0.38 சதவீதம் வரை போனது. கொண்டுவந்தது தாராளமயத்தின் பக்கம் நின்ற அதிபர் கார்டோசோவின் அரசு. நீட்டிக்க விரும்பியது இடதுசாரி அதிபர் லூலாவின் அரசு. 2007 டிசம்பரில் செனட் மறுத்ததால் அது முடிந்தது. நம் நாட்டிலேயே, இறக்குமதி வரி தவிர மற்ற எல்லா வரிகளையும் ஒழித்துவிட்டு வங்கிப் பரிவர்த்தனைக்கு மட்டும் ஒரு வரி போதும் என்று கோரும் புனேயின் அர்த்தகிராந்தி இயக்கத்தை, வரிச்சுமை குறைய வேண்டும் என்று விரும்புகிற நடுத்தர வர்க்கத்தினர்தான் ஆர்வத்தோடு பேசினார்கள்.

"வரி கட்டிய பிறகு மிஞ்சிய பணம் என்னுடையது; அதை எடுக்க மீண்டும் வரியா?" என்பது முதலாளித்துவத் தரப்பின் வலுவான வாதம். பழைய 0.1 சதவீத வரிக்கு அது முழுக்கப் பொருந்தியது. திரும்பக் கிடைக்கும் பிடித்தத்துக்கு அந்த அளவுக்குப் பொருந்தாது. இங்கே இழப்பது பணத்தை அல்ல, அது கையில் இருந்திருக்க வேண்டிய மாதங்களை. சமதர்மத் தரப்பு எதைக் கேட்டிருக்க வேண்டும்? சொத்தின் அளவுக்கு ஏற்ற வரியை. 1957 முதல் இருந்த செல்வ வரியை 2015 பட்ஜெட் நீக்கியது. வங்கியில் பணம் வைத்து வெளிப்படையாக எடுப்பவரிடம் பிடித்தம் இருக்கிறது; பல கோடி மதிப்புள்ள நிலத்தையும் நகையையும் வைத்திருப்பவரிடம் அவற்றை வைத்திருப்பதற்காக மத்திய அரசின் ஆண்டு வரி இல்லை. இந்த ஏற்பாட்டைச் சோஷலிசம் என்று திட்டுவதும் தவறு, சோஷலிசம் என்று புகழ்வதும் தவறு. என்னைக் கேட்டால், வருமான வரிக் கணக்கு தாக்கல் என்ற சடங்குக்குள் நுழைந்தவருக்கு இது ஒரு தொந்தரவே இல்லை. நுழையாதவருக்கு, அவர் ஏழையானாலும் ஏய்ப்பவரானாலும், ஒரே அடி. ஏய்ப்பவரிடம் ஆடிட்டர் இருக்கிறார்.

சட்ட எண்கள் மாறியிருப்பதையும் கவனிக்க வேண்டும். 2026 மார்ச் 31 வரை எடுத்த ரொக்கத்துக்கு மேலே சொன்ன 1961 சட்டத்தின் விதிகள். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறை. சம்பளத்துக்கானதைத் தவிர மற்ற டிடிஎஸ் பிரிவுகள் பெரும்பாலும் அதில் 393 என்ற ஒரே பிரிவின் அட்டவணைகளுக்குள் போய்விட்டன. வங்கியிடமோ ஆடிட்டரிடமோ பேசும்போது எந்தத் தேதியில் எடுத்த பணம் என்று சொல்லிக் கேளுங்கள்.

பெரிய தொகை எடுக்க வேண்டிய தேவை வருகிறது என்று முன்பே தெரிந்தால், இன்னும் தாக்கல் செய்ய முடிகிற ஆண்டுக்கு ஒரு பூஜ்ய வரிக் கணக்கையாவது தாக்கல் செய்துவிட்டு, அந்த ஒப்புகை ரசீதை வங்கிக் கிளையில் கொடுங்கள். வருமான வரித் தளத்தில் பான் எண்ணைப் போட்டு ஒருவருக்கு எந்த விகிதம் என்று பார்க்கும் வசதி வங்கிகளுக்கு 2020 ஜூலை முதலே இருக்கிறது. உங்கள் பெயருக்கு அது என்ன காட்டுகிறது என்று பணம் எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடலாம். முடிந்தவரை கடன்காரருக்கும் கட்டட ஒப்பந்தக்காரருக்கும் வங்கி மூலமே கொடுங்கள். பிடித்தம் நடந்துவிட்டதென்றால், வியாபார, தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு வழக்கமான கெடு ஜூலை 31; அதைத் தவறவிட்டாலும் டிசம்பர் 31 வரை தாமதத் தாக்கல் செய்து ரீஃபண்ட் கேட்கலாம். வங்கிக் கணக்கு எண் தளத்தில் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அனுமதித்த ரீஃபண்டும் கணக்குக்கு வந்து சேராது.