ஓட்டோரைனோலாரிங்காலஜி

ராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ "ஈ.என்.டி. டாக்டர் எங்கே?" என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். அந்தத் துறையின் முழுப்பெயர்தான் இது. இங்கிலீஷில் 19 எழுத்து.

அத்தனையும் கிரேக்கம். 'ஓட்' காது, 'ரைன்' மூக்கு (மூக்கில் கொம்புள்ள காண்டாமிருகம் ரைனோசெரஸ் ஆனது இப்படித்தான்), 'லாரிங்' குரல்வளை, கடைசியில் வரும் 'லஜி' இயல். நடுநடுவே ஒட்டவைக்கும் 'ஓ'வுக்குத் தனிப் பொருள் கிடையாது. 'மரத்தை' என்பதில் வரும் 'அத்து' போல அதுவும் ஒரு சாரியை என்று வைத்துக்கொள்ளலாம்.

வாயால் சொல்லும்போது சொல் வேறு இடங்களில் உடைகிறது: ஓட்-டோ-ரை-னோ-லா-ரிங்-கா-ல-ஜி. 9 சிலபிள். முதன்மை அழுத்தம் 'கா'வில். அந்தக் 'கா'வைப் பிரித்துப் பாருங்கள்: 'க்' குரல்வளையின் வால், 'ஆ' அந்த ஒட்டு உயிர். பொருளே இல்லாத துண்டுதான் சொல்லிலேயே ஓங்கி ஒலிக்கிறது! பயாலஜி, கார்டியாலஜி எல்லாவற்றிலும் இதே கதை. கடைசியிலிருந்து மூன்றாவது சிலபிளில் அழுத்தம் விழும். தமிழில் எழுதும்போது அந்த இடத்தில் நாம் நெடில் போடுகிறோம். 'போட்டோகிராபர்' மட்டும் ஏமாற்றிவிடும். இங்கிலீஷில் அழுத்தம் இரண்டாவது சிலபிளுக்கு நகர்ந்துவிட, நாம் இன்னும் 'போட்டோ'விலேயே நிற்கிறோம்.

சிலபிளை 'அசை' என்பது வழக்கம். யாப்பு அசையோடு அதைக் குழப்பக் கூடாது. 'லஜி' யாப்பில் ஒரே நிரையசை, சிலபிள் கணக்கில் இரண்டு.

பொருளை விட்டு ஓசையை மட்டும் பிடித்தால் என்ன ஆகும்? திருவொற்றியூர் பக்கத்துக் காலடிப்பேட்டையைக் கேளுங்கள். 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் பெயரில் அமைந்த நெசவாளர் குடியிருப்பு அது. காலெட் பேட்டை, வாயில் புழங்கிக் காலடிப்பேட்டை ஆனது. யார் காலடியும் அதில் இல்லை.

தமிழில் 'காது மூக்கு தொண்டை மருத்துவம்' என்கிறோம். கறாராகப் பார்த்தால் 'செவி மூக்கு குரல்வளையியல்' என்றுதான் வர வேண்டும். பாடநூலுக்கு அது சரி, போர்டுக்குத் தொண்டையே போதும். காசிமேட்டு மீன் முள் சிக்குவதும் பெரும்பாலும் தொண்டையில்தான், குரல்வளையில் அல்ல.