எட்டாம் விதி அல்ல, எண்ம நெறி

வேதியியல் காணொளிப் பாடங்களிலும் மொழிபெயர்த்த குறிப்புகளிலும், ஆங்கில 'ஆக்டெட் ரூல்' என்பதற்கு 'எட்டாம் விதி' என்ற தொடர் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. அதைக் கேட்கும் மாணவன், ஏழாம் விதி எது என்று கேட்டால் அவனைக் குறை சொல்ல முடியாது. எட்டாம் என்பது வரிசை எண். இங்கே பேசப்படுவதோ எண்ணிக்கை. சேர்மத்தில் இருக்கும் ஓர் அணு தன் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்களை, அதாவது நான்கு இரட்டைகளைப் பெற முனைகிறது என்பதே செய்தி.

லத்தீனில் 'ஆக்டோ' என்றால் எட்டு. எட்டுப் பேர் சேர்ந்து இசைக்கும் குழுவை 'ஆக்டெட்' என்பார்கள். 1904இல் ஆபெக் என்ற வேதியியலாளர் தனிமங்களின் இணைதிறன்களில், அதாவது பிணையும் திறன்களில், எட்டு என்ற எண் தலைகாட்டுவதைச் சொன்னார். 1916இல் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் எட்டு எலக்ட்ரான்களைக் கனசதுரத்தின் எட்டு மூலைகளில் வைத்துக் காட்டினார். 1919இல் லாங்மியூர் 'ஆக்டெட்' என்ற பெயரைப் பரப்பினார். ஆக, சொல்லின் பொருள் 'எட்டின் தொகுதி'.

இதற்கு 'அட்டம விதி' என்று எழுதுவோரும் உண்டு. அது எட்டாம் விதியின் வடமொழி உரு, அவ்வளவுதான். அட்டமி எட்டாவது திதி. அட்டமத்துச் சனி எட்டாம் இடத்துச் சனி. 'அட்டம' என்ற வடிவமே வரிசையைக் குறிப்பது. எட்டின் தொகுதிக்கு வடமொழி வேர்தான் வேண்டும் என்றால் 'அட்டகம்' இருக்கிறது. எட்டுச் செய்யுள் கொண்ட துதியை அப்படித்தான் சொல்கிறோம். வடசொல்லை எடுப்பவர்கள் அதையாவது சரியாக எடுக்க வேண்டாமா? தமிழிலேயே வழி இருக்கும்போது அந்தச் சுற்றும் தேவையில்லை. எழுவர், எண்மர், ஒன்பதின்மர் என்று எண்ணிப் பழகிய மொழி இது. எண்திசை, எண்கோணம், எண்பது எல்லாவற்றிலும் எட்டு 'எண்' ஆகியே நிற்கிறது. எண்மர் ஆட்களின் தொகுதி என்றால் எண்மம் பொருள்களின் தொகுதி. பாடநூல்களில் வரும் 'எண்மம்' இந்த வகையில் நல்ல ஆக்கம்.

கணினித் துறையில் 'டிஜிட்டல்' என்பதற்கும் 'எண்ம' என்றே எழுதுகிறார்களே, குழப்பாதா என்று கேட்கலாம். குழப்பும். அங்கே 'எண்' எட்டைக் குறிக்கவில்லை, இலக்கத்தைக் குறிக்கிறது. அதற்கு 'எண்ணிம' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. அதை அங்கே வைத்துக்கொண்டு எண்மத்தை எட்டுக்கு விட்டுவிடுவதே முறை.

வரிசையா எண்ணிக்கையா என்பது வெறும் இலக்கணச் சண்டை அல்ல. அணுக்களின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்று காட்டும் படமே லூயிஸ் அமைப்பு. அதை வரைவது முழுக்க எண்ணும் வேலை. நைட்ரேட் அயனியை எடுத்துக்கொள்வோம். வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை மட்டும் எண்ணினால் நைட்ரஜனுக்கு 5, மூன்று ஆக்சிஜனுக்கு 18, எதிர்மின்சுமைக்கு 1. மொத்தம் 24 எலக்ட்ரான்கள். இந்தக் கடைசி ஒன்றை விட்டுவிட்டு 23இல் திணறுபவர்களே அதிகம். நைட்ரஜனை நடுவில் வைத்து பிணைப்புக்கு இரண்டு வீதம் மூன்று ஒற்றைப் பிணைப்புகள் போட்டால் 6 தீரும். மீதி 18ஐ ஆக்சிஜன்களுக்கு ஆறாறாகக் கொடுத்தால் அவை எண்மம் அடைகின்றன. நைட்ரஜனிடம் ஆறுதான் இருக்கிறது. ஆக, ஓர் ஆக்சிஜனின் தனித்த இரட்டை (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இரட்டை) ஒன்றைப் பிணைப்பாக மாற்ற வேண்டும். பிணைப்பு எலக்ட்ரான்களைச் சரிபாதியாகப் பங்கிட்டுக் கணக்கிடும் முறைசார் மின்சுமை நைட்ரஜனில் +1, ஒற்றைப் பிணைப்புள்ள இரு ஆக்சிஜன்களில் −1 வீதம், கூட்டினால் −1. கணக்கு சரி. இந்த +1ஐப் போக்குகிறேன் என்று இன்னோர் இரட்டைப் பிணைப்பு போட்டால் நைட்ரஜனைச் சுற்றிப் பத்து எலக்ட்ரான்கள் வந்துவிடும். தனிம அட்டவணையின் இரண்டாம் வரிசைத் தனிமத்துக்கு அது ஆகாது: வெளிக்கூட்டில் ஒரு 2எஸ், மூன்று 2பி என எலக்ட்ரான்கள் தங்கும் ஆர்பிட்டால்கள் நான்கே, ஒன்றுக்கு இரண்டாக எட்டே இடங்கள்.

'எண்ம' சரி. அடுத்து நிற்கும் 'விதி'தான் உறுத்துகிறது. ஆங்கிலத்தில் இயற்கையின் விதியான 'லா' வேறு, வழிகாட்டியான 'ரூல்' வேறு. ஓம் விதி, பாயில் விதி, எண்ம விதி என்று நாம் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துவிட்டோம். அதனால் போரான் ட்ரைஃபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறே எலக்ட்ரான்கள் என்றதும் ஏதோ இயற்கையே தவறியது போல மாணவர்கள் மிரள்கிறார்கள். அந்த ஆறு குறை அல்ல. அம்மோனியாவின் தனித்த இரட்டையைப் போரான் வாங்கிக்கொள்வது அதனால்தான். நைட்ரிக் ஆக்சைடில் மொத்தம் 11 வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள். ஒற்றைப்படையை எப்படிப் பங்கிட்டாலும் இரு அணுக்களுக்கும் எட்டு வராது. ஆக்சிஜன் மூலக்கூறின் லூயிஸ் படத்திலோ எட்டும் எட்டும் அழகாக அமைகின்றன, எல்லா எலக்ட்ரானும் இணைசேர்ந்து நிற்கின்றன. ஆனால் திரவ ஆக்சிஜன் காந்தத்தின் முனைகளுக்கு இடையே ஒட்டி நிற்கிறது. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் இணைசேராத இரண்டு எலக்ட்ரான்கள் இருப்பதே காரணம், படம் அதைக் காட்டுவதில்லை. லூயிஸே 1923இல் எழுதிய நூலில் எட்டைவிட இரண்டே, அதாவது எலக்ட்ரான் இரட்டையே, அடிப்படை என்றார். இப்படிப்பட்ட வழிகாட்டிக்கு 'நெறி' பொருந்தும். வழிகாட்டு நெறி என்று அரசு அறிக்கைகளிலேயே எழுதுகிறோம். எண்ம நெறி என்று சொல்லிப் பாருங்கள், அதன் எல்லையும் சொல்லிலேயே தெரியும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு வேண்டுகோள்: ஓர் அணுவைச் சுற்றி எட்டுக்கு மேல் எலக்ட்ரான்கள் வரும்போது சொல்லும் 'விரிந்த எண்மம்' வேண்டாம். எட்டு விரிந்தால் எட்டாக இருக்காது. கந்தக ஹெக்சாஃபுளூரைடில் 48 வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள், கந்தகத்தைச் சுற்றி ஆறு பிணைப்புகள், பன்னிரண்டு எலக்ட்ரான்கள். 3டி ஆர்பிட்டால்கள் இடம் கொடுக்கின்றன என்ற பழைய விளக்கத்தையும் அந்தத் தொடர் சுமந்து வருகிறது. 3டியின் பங்கு மிகச் சிறியது என்று பிற்காலக் கணக்கீடுகள் காட்டிவிட்டன. 3டி ஆர்பிட்டால்களை ஒதுக்கிவிட்டு, எலக்ட்ரான்கள் மூலக்கூறு முழுதும் பரவியவை என்று கொள்ளும் மூலக்கூறு ஆர்பிட்டால் முறையில் பார்த்தால், பன்னிரண்டில் நான்கு எலக்ட்ரான்கள் ஃபுளூரின்களின் மீதே தங்குகின்றன, கந்தகத்தோடு பிணைப்பில் நிற்பவை எட்டு. பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு, செனான் டெட்ராஃபுளூரைடு போன்றவற்றையும் சேர்த்து 'மிகை இணைதிறன் சேர்மங்கள்' என்றால் போதும். பிணைப்புகள் வழக்கத்தைவிட மிகுதி என்பதை அது சொல்லும், எட்டைப் பற்றிப் பொய் சொல்லாது.