பர்சனாலிட்டி என்றால் ஆளுமையா?

"மாப்பிள்ளை நல்ல பர்சனாலிட்டி" என்று கல்யாண மண்டபத்தில் யாராவது சொன்னால், ஆள் உயரம், உடம்புவாகு, பட்டு வேட்டி எடுப்பாக இருக்கிறது, இவ்வளவுதான் பொருள். அவர் சிடுமூஞ்சியா, ஊதாரியா என்பதெல்லாம் அதில் வராது. உளவியல் பேசும் பர்சனாலிட்டி, ஒருவர் வழக்கமாக நினைக்கும், நடந்துகொள்ளும் விதம். அதில் உயரத்துக்கு வேலையே இல்லை.

மூலம் இலத்தீனின் 'பெர்சோனா', அதாவது நாடக முகமூடி. அதன் வழியே குரல் ஒலிப்பதால் ('பெர்' என்றால் வழியே, 'சொனாரே' என்றால் ஒலித்தல்) அந்தப் பெயர் என்று ஒரு பழைய கதை உண்டு. கேட்க அழகுதான், ஆனால் பெர்சோனாவில் ஓகாரம் நெடில், சொனாரேயில் குறில், அங்கேயே கதை இடிக்கிறது. பண்டைய இத்தாலியில் பேசப்பட்ட எத்ருஸ்க மொழியின் 'பெர்சு'விலிருந்து வந்திருக்கலாம் என்பது இன்னொரு கருத்து. இத்தாலியின் தர்குவீனியாவில் ஒரு கல்லறைச் சுவரோவியத்தில், முகமூடி போட்ட உருவத்தின் பக்கத்திலேயே அந்தச் சொல் எழுதியிருக்கிறது.

தமிழில் 'ஆளுமை'. 'ஆள்' என்பது மனிதரையும் குறிக்கும், ஆட்சி செய்வதையும் குறிக்கும், அதனால் பொருத்தமான சொல்தான். ஆனால் 'இலக்கிய ஆளுமை', 'அரசியல் ஆளுமை' என்று எழுதி எழுதி அதைப் பெரிய மனிதர்களின் சொத்தாக்கிவிட்டோம். பந்தி போடும்வரை மூலையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவுக்கும் ஆளுமை உண்டு. சரி, 'குணம்' போதாதா? குணம் என்றதுமே நல்லதா கெட்டதா என்று மனம் தீர்ப்புச் சொல்லக் கிளம்பிவிடுகிறதே.

அப்புறம் ஆளுமையின் பரிமாணங்கள். 1936இல் ஆல்போர்ட், ஓட்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆங்கில அகராதியைப் புரட்டி, ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும் சொற்களைக் கிட்டத்தட்ட 18,000 வரை திரட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் எது எதோடு சேர்ந்து வருகிறது என்று கணக்குப் போட்டுச் சுருக்கிச் சுருக்கி ஐந்தில் வந்து நின்றார்கள்: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, புறநோக்கு, இணக்கம், மனத்தளம்பல். இரண்டாவதன் ஆங்கிலப் பெயரான 'கான்ஷியன்ஷியஸ்னஸ்' என்பதைச் சிலர் 'மனசாட்சி' என்று மொழிபெயர்ப்பது தப்பு. கரண்ட் பில்லைக் கடைசி நாளுக்கு முன்பே கட்டிவிடுகிற சுபாவம் அது, குற்ற உணர்ச்சி அல்ல. புறநோக்கு (எக்ஸ்ட்ராவெர்ஷன்), அதற்கு எதிரான அகநோக்கு (இன்ட்ரோவெர்ஷன்) இரண்டும் சுவிஸ் உளவியலாளர் யுங் 1921இல் எழுதிய நூலால் பரவியவை. இலத்தீன் வேர்ப்படி 'வெளியே திரும்பியவர்', 'உள்ளே திரும்பியவர்' என்று வரும், நம் அகமும் புறமும் இதற்குக் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டன.

ஒன்று கவனிக்க வேண்டும். பரிமாணம் என்றால் அளவு. இந்த ஐந்தும் ஆளைப் போட்டு மூடும் பெட்டிகள் அல்ல, ஐந்து அளவுகோல்கள். பெரும்பாலோர் நடுவில் எங்கோதான் இருப்போம். அந்தச் சித்தப்பாவையே பாருங்கள், பந்தி முடிந்து சீட்டுக் கச்சேரி தொடங்கியதும் எதிரே உட்கார்ந்தவரை வாரிக்கொண்டிருந்தார்.