எண்ணெய் மேல் ஏறி நிற்கும் கிராங்க்

பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எஞ்சின் சூடானதும் ஐடிலிங்கில் ஆயில் பிரஷர் முள் படுத்துவிடுகிறது. புது ஆயில் பம்ப் வாங்கிப் போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. மட்டமான பம்பைத் தலையில் கட்டிவிட்டார்களா?"

பம்ப் நல்லதாகவே இருக்கலாம். முதலில் வேறொரு மீட்டரை மாட்டிப் பாருங்கள். ஐம்பது வயது மீட்டர் பொய் சொல்லும். அதுவும் அதையே காட்டினால், கோளாறு பெரும்பாலும், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் ஷெல் பேரிங்குகளில், அதாவது இரு பாதிகளாக வரும் மெல்லிய உலோக வளையங்களில்தான்.

பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவு எண்ணெய் என்று தள்ளும், அவ்வளவுதான். அழுத்தம் உண்டாவது அந்த எண்ணெய் வெளியேறும் இடுக்கு எவ்வளவு குறுகல் என்பதைப் பொறுத்து. நல்ல நிலையில் உள்ள பேரிங்கில் ஷாஃப்டுக்கும் ஷெல்லுக்கும் இடையில் மொத்த இடைவெளி சுமார் 0.05 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் பருமன். இதில் ஒரு வில்லங்கம்: கசிவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. தேய்ந்து தேய்ந்து இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. சூட்டில் எண்ணெய் நீர்த்தும் போகிறது. மெதுவாகச் சுற்றும் பம்ப், அது எவ்வளவு புதியதாக இருந்தாலும், என்ன செய்யும்?

இனி எனக்குப் பிடித்த இடம். அந்தப் பம்பின் அழுத்தம்தான் கிராங்கைத் தாங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எம்ஜிபியின் பிஸ்டன் விட்டம் சுமார் 80 மி.மீ. பெட்ரோல் எரியும் கணத்தில் அதன் தலையில் இரண்டு டன்னுக்கு மேல் எடை இறங்கும். மீட்டர் காட்டும் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு), பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் முழுக்கப் பரவினாலும் ஐம்பது கிலோவைக்கூடத் தூக்காது. அப்படியானால் மிச்சத்தை யார் தாங்குகிறார்கள்?

இதே புதிர் 1883-இல் பிரிட்டனில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளருக்கு எதிர்பாராமல் வாய்த்தது. ரயில் அச்சுகளின் உராய்வை அளக்கும் வேலை அவருடையது. சுழலும் அச்சின் அடிப்பகுதி எண்ணெய்த் தொட்டியில் நனையும், மேலே பித்தளைப் பேரிங் அழுத்திக்கொண்டிருக்கும். எண்ணெய் ஊற்றுவதற்காக அந்தப் பித்தளையின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சைச் சுழற்றினால், உள்ளே போக வேண்டிய எண்ணெய் துளை வழியே மேலே பொங்கி வந்தது! தக்கை வைத்து அடைத்தார், பிதுங்கி வெளியே வந்தது. மர முளை அடித்தார், அதுவும் வந்தது. கடைசியில் மீட்டரை மாட்டினால், சுமை சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு என்றிருக்க, முள் 200-ஐத் தாண்டிவிட்டது.

காரணத்தை 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியல் பேராசிரியர் சமன்பாடாக எழுதினார். நிற்கும் ஷாஃப்ட் ஷெல்லின் அடியில் தொட்டுக்கொண்டு கிடக்கிறது, அதனால் சுற்றியுள்ள இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் ஒரு பக்கம் கூர்ந்தும் இருக்கிறது. ஷாஃப்ட் சுழலும்போது தன்மேல் ஒட்டிய எண்ணெயை அந்தக் கூர்முனைக்குள் இழுத்துச் செல்கிறது. எண்ணெய் சுருங்காது, பாகுத்தன்மையால் சட்டென்று பக்கவாட்டில் ஓடவும் முடியாது. ஆப்பு போல நெருக்கி நெருக்கி அழுத்தம் ஏறி, ஷாஃப்டையே தூக்கிவிடுகிறது. 5,000 ஆர்பிஎம்மில் எம்ஜிபியின் மெயின் ஜர்னலின், அதாவது கிராங்கை எஞ்சின் உடலில் தாங்கும் மெயின் பேரிங்குக்குள் சுழலும் ஷாஃப்ட் பகுதியின், மேற்பரப்பு மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, அத்தனை வேகத்திலும் உலோகம் உலோகத்தைத் தொடாமல், சில மைக்ரான் எண்ணெய்ப் படலத்தின் மேல். மழைச் சாலையில் டயர் வழுக்கிக்கொண்டு மிதக்கிறதே, அதுவும் இதே சங்கதிதான். பம்பின் வேலை இந்த ஆப்புக்கு எண்ணெய் தீராமல் பார்த்துக்கொள்வது மட்டும்.

இடையில் ஒரு புலம்பல். அச்சு எவ்வளவு உராய்கிறது என்ற சப்பென்ற கேள்விக்கு ஒரு பொறியாளர் சங்கம் பணம் ஒதுக்கியதால் கிடைத்தது இது. அதே சமன்பாட்டின் வழித்தோன்றலை வைத்துத்தான் பிற்காலத்தில் ஹார்ட் டிஸ்க்கின் தலையைக் காற்றில் மிதக்கவிட்டார்கள். "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்கும் நிதிக்குழுவிடம் டவர் போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

சரி, உதிரிபாகம். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை வந்த வண்டி. 1964 அக்டோபர் வரை அதன் கிராங்குக்கு மூன்று மெயின் பேரிங், அதன் பின் ஐந்து. ஆகவே காரின் ஆண்டைச் சொல்லி ஆர்டர் செய்யாதீர்கள். இத்தனை வருடத்தில் எஞ்சினே மாறியிருக்கும். எஞ்சின் எண்ணைப் பாருங்கள். அதுவும் போதாது. யாராவது கிராங்கை ஏற்கெனவே கிரைண்டிங் செய்திருந்தால் ஷாஃப்ட் 0.010, 0.020 அங்குலம் என்று மெலிந்திருக்கும். அதற்கேற்பத் தடித்த ஷெல் வேண்டும். மைக்ரோமீட்டரால் ஒவ்வொரு ஜர்னலையும் குறுக்கும் நெடுக்குமாக அளந்த பிறகே வாங்க வேண்டும், ஏனென்றால் அவை வட்டமாகத் தேய்வதில்லை. பெட்டியின் மேல் உள்ள எழுத்தையும் நம்பாதீர்கள். ஸ்டாண்டர்டு என்று எழுதிய பெட்டியிலிருந்து ஒருமுறை நான் மாட்டியது 020, அதாவது 0.020 அங்குலம் மெலிந்த ஷாஃப்டுக்கான ஷெல். பேரிங்கின் மறுபாதியைப் பிடிக்கும் கேப்பை இறுக்கியதும் கிராங்க் அசையவே இல்லை. ஷெல்லின் முதுகிலேயே அளவு பொறித்திருந்தது, பார்க்காதது என் தப்பு.

ஷெல்லின் இரு பாதிகளும் தங்கள் இருக்கையைவிட மயிரிழை உயரமாக நிற்கும். அதை அரம் வைத்துத் தேய்க்கும் கை உடனே நிற்கட்டும்! கேப்பை டார்க் ரெஞ்சால் இறுக்கும்போது அந்த உபரிதான் ஷெல்லை நெருக்கிச் சுழலாமல் பிடிக்கிறது. ஓரத்தில் உள்ள சின்ன நாக்கு இடம் காட்ட மட்டுமே. கேப்களையும் இடம் மாற்றக் கூடாது, ஒவ்வொன்றும் தன் இடத்தில் வைத்தே துளையிடப்பட்டது.

இடைவெளியை அளக்க மெழுகு இழை போன்ற பிளாஸ்டிகேஜ் இருக்கிறது. எண்ணெயைத் துடைத்துவிட்டு ஜர்னல் மேல் ஒரு துண்டு வைத்து இறுக்கி, கிராங்கைச் சுற்றாமல் கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையில் அச்சிட்ட அளவுகோலோடு ஒப்பிட வேண்டும். பிறகு துடைத்து, ஷெல்லில் அசெம்பிளி லூப் (பூட்டும்போது பூசும் மசகு) தாராளமாகப் பூசுங்கள். முதல் சுற்றுகளில் ஆப்பு இன்னும் உருவாகியிருக்காது. அதனால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மீட்டர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றி, அப்புறம் பிளக் போட்டு ஸ்டார்ட் செய்யலாம்.

கெட்டியான எண்ணெய் ஊற்றினால் போதும் என்று உங்களிடம் சிலர் சொல்லியிருப்பார்கள். முள் ஏறும், தேய்ந்த ஷெல் தேய்ந்தபடியே இருக்கும்.