சமூகம்: ஒரு சொல், இரு பொருள்

‘அவர் எந்தச் சமூகம்?’ என்று கேட்பவர் பெரும்பாலும் சாதியைக் கேட்கிறார்; ‘சமூகம் மாற வேண்டும்’ என்று எழுதுபவரோ மக்கள் அனைவரையும் பிணைத்திருக்கும் அமைப்பைக் கருதுகிறார். இரண்டையும் ஒரே சொல் சுமப்பதால், சமூகவியலைத் தமிழில் படிப்பவர் முதல் பக்கத்திலேயே இடறுகிறார்.

இச்சொல் வடமொழி ‘ஸமூஹ’ என்பதன் வழி வந்தது. திரள், குவியல் என்பது அதன் மூலப்பொருள். தமிழ் விவிலியத்தில் வரும் ‘சமுகம்’ வேறு சொல். அது ‘ஸம்முக’ என்பதிலிருந்து பிறந்து, முன்னிலை, சந்நிதி என்று பொருள்படும். ‘சமுதாயம்’ என்பதும் வடமொழியே. தொகுதி என்பதோடு, பலருக்கும் பொதுவான உடைமை என்ற பொருளும் அதற்குத் தமிழில் உண்டு. ஊரார் கூட்டாக உரிமை கொண்டிருந்த நிலமுறைக்கும் அப்பெயர் வழங்கியது.

ஆனால் சமூகவியல் பேசும் சமூகம் குவியல் அன்று. ஓரிடத்தில் பத்துப் பேர் நிற்பது வெறும் திரள். அவர்கள் வரிசையில் நிற்க, ஒருவர் இடையில் நுழைந்ததும் மற்றவர்கள் முகம் சுளித்தால், அங்கே சமூகம் இருக்கிறது. ஏனெனில் யாரும் எழுதி வைக்காத ஒரு விதி அவர்கள் அனைவரையும் ஆள்கிறது. இவ்வாறு தனியாளுக்கு வெளியே நின்று அவரைக் கட்டுப்படுத்துவனவற்றையே பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1895-இல் ‘சமூக உண்மைகள்’ என்று வரையறுத்தார். சமூகம் தனியாட்களின் கூட்டுத்தொகை அன்று, அவர்களுக்கிடையிலான உறவுகளின் தொகுதி என்று மார்க்ஸ் அதற்கு முன்பே எழுதியிருந்தார். பின்னர் வந்த சமூகவியலாளர் நோர்பெர்ட் எலியாஸ் இன்னும் ஒரு படி சென்று, தனியாள் ஒருபுறம், சமூகம் மறுபுறம் என்று பிரித்து நிறுத்தும் பழக்கமே பிழை என்றார். நமது ‘தனி’ என்ற முன்னொட்டு அந்தப் பிழைக்கு எளிதில் இடம் கொடுத்துவிடுகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

தனித்தமிழ் அன்பர்கள் ‘குமுகம்’, ‘குமுகாயம்’ என்ற சொற்களைப் பரப்பினர். குமிதல், குவிதல் என்ற கருத்தே இவற்றின் வேரிலும் இருப்பதால், மொழி மாறினும் பழைய உருவகம் மாறவில்லை. எனவே வேர்ச்சொல்லைவிடப் பொருள் வரையறையே முதன்மையானது என்பது என் கருத்து. ஜெர்மானியச் சமூகவியலாளர் பெர்டினாண்ட் டோனீஸ் 1887-இல், பிறப்பாலும் நெருக்கத்தாலும் அமையும் கூட்டுவாழ்வையும், ஒப்பந்தத்தாலும் நலன்களாலும் அமையும் கூட்டமைப்பையும் வேறுபடுத்தினார். முன்னதற்குப் பலருக்கும் பொதுவான உடைமை என்ற பொருள் பொதிந்த ‘சமுதாயம்’ இயல்பாகப் பொருந்துகிறது. பின்னதற்கும், இவை யாவற்றையும் உள்ளடக்கிய முழுமைக்கும் ‘சமூகம்’ என்பதை ஒதுக்கலாம்.

‘அரசு’ என்ற சொல்லிலும் இத்தகைய கவனம் தேவை. ‘உடையான் அரசருள் ஏறு’ என்னும் குறளில் ஆள்பவர் மன்னர் என்ற மனிதர்; இன்றைய அரசு ஒரு நிறுவனம். குறிப்பிட்ட நிலப்பரப்பில் முறையான வன்முறையைப் பயன்படுத்தும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று வெற்றிகரமாகக் கோருவதே அரசு என்றார் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர். முன்பு சொன்ன, பத்துப் பேர் நின்ற வரிசையில் முகம் சுளிப்பது சமூகம். நுழைந்தவரைச் சட்டப்படி அப்புறப்படுத்தக்கூடியது அரசு. பதவிக்கு வந்து போகும் ஆட்சியாளர் குழுவை ‘அரசாங்கம்’ என்றும், அவர்கள் போன பின்னும் நிலைக்கும் அமைப்பை ‘அரசு’ என்றும் பிரித்து எழுதுவது நல்லது.